வீரனும் செல்வியும்

(படவேடு ஊரைச் சேர்ந்த விடுதி மாணவியர் மூவர் எழுதியது)

எலி வளர்த்தோம் என்று நாங்கள் சொன்னதும் விடுதித் தோழியர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். கிளி வளர்த்தவர் உண்டு, முயல் வளர்த்தவர் உண்டு, புறா வளர்த்தவரும் உண்டு. எலியை யாராவது வளர்ப்பார்களா? நாங்கள் வளர்த்தோம். ஐந்து திங்கள் வளர்த்தோம். அதுவும் எங்கள் அப்பாவின் கொல்லையில் கடலையைத் தோண்டித் தின்ற எலியை!

நாங்கள் அக்காள் தங்கை இருவர். மூன்றாமவள் எங்கள் சிற்றப்பா மகள். ஊர் படவேடு. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 'படைவீடு' என்பதே மருவிப் படவேடு ஆயிற்று என்பார்கள். சம்புவராய மன்னர்கள் இருந்து ஆண்ட இடம். இன்று எங்கள் ஊரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ரேணுகாம்பாள் கோயிலும் வாழைத்தாரும்தான். வாழை, நெல், கரும்புக்கு நடுவே மேட்டுக் கொல்லைகளில் வேர்க்கடலை போடுவோம். எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். 'மணிலாக் கொட்டை' என்பதுதான் வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று.

சென்ற பங்குனிக் கடைசியில் மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும், வரப்பில் எலி வெட்டுவதற்கு இருளர் தாத்தா ஒருவர் தம் பேரனோடு வந்தார். விடுமுறைக்கு வீடு வந்திருந்த நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனோம். அவர் உடனே மண்வெட்டியைத் தூக்கவில்லை. வரப்பைச் சுற்றி இரண்டு முறை நடந்தார், குனிந்து மண்ணை முகர்ந்தார், மூன்று வாய்களில் கல்லைத் திணித்தார். பிறகு வளையே தெரியாத ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "வெட்டுடா" என்றார் பேரனிடம். பேரன் மறுபுறம் வெட்ட வெட்ட, தாத்தாவின் கையடியில் மண் குமிழ்போல எழும்பியது. "நாலு வாசல் வெச்சிருக்கும் பாப்பா. ஒண்ணை மட்டும் மேல் மண்ணு உடையாம வெச்சிருக்கும், ஆபத்துக்குப் பாயறதுக்கு. அங்கதான் கைய வெக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, எழும்பிய மண்ணோடு சேர்த்துப் பிடித்தார் பாருங்கள்! நாங்கள் மூவரும் கத்தியே விட்டோம்.

முக்கால் வளர்ச்சி அடைந்த இரண்டு எலிகள். வீட்டு எலியைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அவை எலியாகவே தோன்றவில்லை. முதுகு மணல் நிறம், வயிறு பால் வெண்மை, கண்கள் கருமணிபோல் பெரியவை, பின்னங்கால்கள் நீளம், உடலைவிட நீண்ட வால், அதன் நுனியில் தூரிகைபோலக் கறுத்த மயிர். "இது வெள்ளெலி. வரப்பெலி கதிரு கதிரா அறுத்து வளையில சேத்து வெக்கும், அது பெரிய குடித்தனக்காரன். இது அப்படிச் சேக்காது, அன்னன்னிக்குப் பொழப்பு, எங்களாட்டம்" என்று சிரித்தார் தாத்தா. அவருக்கு அவை அன்றைய குழம்பு. எங்களுக்கோ மனம் கேட்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இரண்டையும் கேட்டு வாங்கினோம். பதிலுக்கு அம்மாவிடம் சொல்லி அவருக்கு இரண்டு படி அரிசி கொடுக்கச் செய்தோம்.

அப்பா அன்று இரவு பேசவே இல்லை. மறுநாள் காலையில்தான், "மல்லாட்டை தின்ன எலிக்கு மல்லாட்டை போட்டு வளர்க்கறதா? நல்லா இருக்குதும்மா நியாயம்!" என்றார். ஆனால் தூக்கி எறியச் சொல்லவில்லை.

முதலில் ஆப்பிள் வந்த மரப்பெட்டியில் வைத்தோம். விடிவதற்குள் பெட்டியின் மூலையில் ஓர் எலுமிச்சை நுழையும் அளவு ஓட்டை! இரண்டும் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் அகப்பட்டன. பிறகு ஆயாவின் கல்யாணத்துக்கு வந்த பழைய இரும்பு டிரங்குப் பெட்டியைக் காலி செய்து, முக்கால் அளவு மணலும் செம்மண்ணும் கலந்து கொட்டி, மேலே கோழிக்கூண்டு வலையை வைத்துக் கட்டினோம். உடைந்த பானை ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம். கம்பு, கேழ்வரகு, அறுகம்புல், எப்போதாவது நாலு கடலை, இவ்வளவுதான் தீனி. தண்ணீர் மிகக் கொஞ்சமே குடித்தன. நாற்றம் என்று அதிகம் இல்லை. மூக்கைப் பொத்திய தோழியர் கவனிக்க! ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிளேக் என்னும் கொள்ளைநோயைக் காட்டில் சுமந்து திரியும் பிராணிகளில் வெள்ளெலியும் ஒன்று என்று பின்னர் அறிந்தோம். அது தெரியாமலேயே அம்மா ஒவ்வொரு முறையும் எங்களைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார்கள். எங்களைப் பார்த்து யாரும் கொல்லையிலிருந்து எலி பிடித்து வந்து வளர்க்க வேண்டா.

பகலெல்லாம் தூக்கம். விளக்கு வைத்த பிறகுதான் அவற்றுக்குப் பொழுது விடியும். இரண்டுக்கும் குணம் வேறு என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ஒன்று துணிச்சல்காரன். வலையில் விரலை வைத்தால் ஓடாது. நிமிர்ந்து உட்கார்ந்து மோப்பம் பிடிக்கும். பூனை நிழல் தெரிந்தால் பின்னங்காலால் பெட்டியின் அடித்தகட்டில் 'தட், தட்' என்று அடிக்கும். கம்பைப் போட்டால் முதலில் அதுதான் தின்னும். மற்றதோ ஒதுங்கியே நிற்கும். வைக்கோலை வாயில் கவ்விப் பானைக்குள் கொண்டுபோய், கந்தல் துணியை நார் நாராகக் கிழித்து மெத்தை கட்டும். இதில் ஆலோசிக்க என்ன இருக்கிறது? அதட்டுகிறவன் ஆண், வீட்டு வேலை செய்கிறவள் பெண். முன்னதற்கு 'வீரன்' என்றும் பின்னதற்குச் 'செல்வி' என்றும் பெயரிட்டோம். திருமணம் ஆகிவிட்டதென்று ஆயா கேலி செய்தார்கள்.

சித்திரை மாதத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்றாள் எங்களில் இளையவள். எழுதத்தான் வேண்டும் என்று மற்ற இருவரும் முடிவு செய்தோம்.

தெருப் பையன் ஒருவன், அதே பருவமுள்ள வெள்ளெலி ஒன்றைத் தகர டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தான். வாங்காவிட்டால் நாய்க்குப் போடுவேன் என்றான். ஐந்து ரூபாய்க்கு வாங்கினோம். தனியாக இருந்தால் அதற்கு ஏக்கமாக இருக்குமே, இரண்டோடு மூன்றாக இருக்கட்டும் என்று மாலை மங்கும் வேளையில் டிரங்குப் பெட்டியில் விட்டோம். செல்வி பானைக்குள் ஒளிந்துகொண்டது. வீரன் முதுகு மயிர் சிலிர்க்க, பக்கவாட்டில் நடந்து நடந்து வந்தது. விளையாடுகின்றன என்று எண்ணி நாங்கள் சிரித்தோம்! பிறகு சாப்பிடப் போய்விட்டோம். இரவில் 'தட், தட்' என்று வெகுநேரம் கேட்டது. அதையும் பூனைக்காகத்தான் என்று எண்ணிப் புரண்டு படுத்தோம்.

காலையில் புது எலி மூலையில் செத்துக் கிடந்தது. கழுத்திலும் வாலடியிலும் கடிகள். வீரனின் மூக்கில் ஒரு கீறல். செல்வியின் மேல் ஒரு காயமும் இல்லை.

"ஆம்பளைன்னா அப்படித்தான், தன் வூட்டுல இன்னொருத்தனை விடுவானா?" என்றார்கள் ஆயா. அப்பா மட்டும், "அதைத் திட்டி என்ன பண்றது? உள்ள வுட்டது நீங்கதானே?" என்றார். செத்ததை வாழை மரத்தடியில் புதைத்தோம். அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அது ஆணா பெண்ணா என்று பார்க்கவும் இல்லை. இரண்டு நாள் வீரனுக்குத் தீனி போட எங்களுக்குக் கை வரவில்லை, அம்மாதான் போட்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. டிரங்குப் பெட்டியை அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு விடுதிக்கு வந்தோம். ஒருநாள் உயிரியல் சிஸ்டரிடம் கதையை முழுவதும் சொன்னோம். திட்டுவார்கள் என்று நினைத்தோம். அவர்களோ முழுவதையும் கேட்டுவிட்டு, "வீரன் ஆண் என்று எப்படித் தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். விழித்தோம். "குணத்தைப் பார்த்தா சொன்னீர்கள்? உடலைப் பார்க்க வேண்டாமா?" என்று சிரித்துக்கொண்டே கரும்பலகையில் படம் போட்டார்கள். சிறுநீர்த் துளைக்கும் மலத் துளைக்கும் இடையே உள்ள தூரம் ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு. வளர்ந்த ஆணுக்கு வாலடியில் விதைப்பை புடைத்துத் தெரியும். பெண்ணுக்கு வயிற்றில் காம்புகளின் வரிசை இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் தவறவே தவறாது. "ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள், வாலைப் பிடித்தும் தூக்காதீர்கள், வால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும்" என்றும் எச்சரித்தார்கள்.

நிற்க. சிஸ்டர் அன்று சொன்ன வேறு சிலவற்றையும் இங்கே எழுதினால்தான் பிந்திய கதை விளங்கும். எங்கள் கொல்லை வெள்ளெலிக்கு விஞ்ஞானப் பெயர் டேட்டிரா இண்டிகா. ஆங்கிலத்தில் ஜெர்பில் என்னும் இனத்தைச் சேர்ந்தது. வெளிநாடுகளில் பிள்ளைகள் வீட்டில் வளர்ப்பது இதன் சிறிய உறவான மங்கோலிய ஜெர்பிலை. அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் யார் தெரியுமா? ஒரு கத்தோலிக்கக் குரு! புனித வின்சென்ட் தெ பால் சபையைச் சேர்ந்த அருட்தந்தை அர்மான் தாவீது, சீனத்தில் மறைப்பணி செய்துகொண்டே செடிகளையும் பிராணிகளையும் திரட்டியவர். 1866-இல் அவர் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியவற்றில் இந்த 'மஞ்சள் எலி'களும் இருந்தன. ராட்சதப் பாண்டாவை 1869-இல் மேல்நாட்டாருக்கு அறிவித்தவரும் அவரே. பின்னர் 1935-இல் ஜப்பானியர் 20 இணைகளைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் பெருக்கினர். அவற்றின் வழிவந்த 11 இணைகள் 1954-இல் அமெரிக்காவுக்குப் போயின. மருத்துவ ஆய்வுக்கென்று போனவை, சாதுவான குணத்தால் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. நம் நாட்டிலும் ஜோத்பூரில் உள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் ஈஸ்வர் பிரகாஷ் என்பவர் ராஜஸ்தான் பாலைவன ஜெர்பில்களையும் நம் வெள்ளெலியையும் பல்லாண்டு ஆராய்ந்திருக்கிறார். பாலைவன ஜெர்பில் பகலில் வெளிவருவது, நம்முடையது இரவில்.

மங்கோலிய ஜெர்பிலின் குடும்பத்தைப் பற்றிச் சிஸ்டர் சொன்னதுதான் எங்களைத் தூங்க விடவில்லை. ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் பிள்ளைகள் என்று கூட்டுக் குடும்பமாக இருக்கும். தந்தையும் குட்டிகள்மேல் படுத்துச் சூடு கொடுக்கும், கூடு கட்டும். ஆனால் அந்நிய வாடை உள்ளே வந்தால் விடாது. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் மூளும் சண்டை மிகக் கொடியது, உயிரோடு போய்விடும். வயிற்றின் நடுவே ஒரு வாசனைச் சுரப்பி இருக்கிறது. ஆணுக்கு அது பெரிது. அதைத் தரையில் தேய்த்துத் தன் எல்லையைக் குறிக்கும். ஆனால் பெண்ணுக்கும் அது உண்டு, பெண்ணும் குறியிடும். எல்லாப் பெண்ணும் ஒன்றுபோல் குறியிடுவதில்லை. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மெர்டிஸ் கிளார்க், பென்னட் கேலஃப் இருவரும் 1990-களில் ஓர் அதிசயத்தைக் காட்டினார்கள். தாய் வயிற்றில் குட்டிகள் பட்டாணிக்காயில் விதைகள்போல் வரிசையாக இருக்கும் அல்லவா? இரண்டு ஆண் குட்டிகளுக்கு நடுவே இருந்த பெண், அண்டை வீட்டுச் சுரப்புநீர் கொஞ்சம் பட்டதால், வளர்ந்த பிறகு மற்றப் பெண்களைவிட அதிகமாக வாசனைக் குறியிடுகிறது. இரண்டு பெண் குட்டிகளுக்கு நடுவே இருந்த ஆணோ, மற்ற ஆண்களைவிட அதிக நேரம் குட்டிகளோடு இருக்கிறது. பிறப்பதற்கு முன்பே இத்தனை!

"மங்கோலிய எலிக்குச் சொன்னதெல்லாம் உங்கள் எலிக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் போய்ப் பாருங்கள்" என்றார்கள் சிஸ்டர்.

ஜூன் கடைசியில் ஊர் போக அனுமதி கிடைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாப்பாட்டைக்கூடக் கேளாமல் டிரங்குப் பெட்டிக்கு ஓடினோம். பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கடலைத்தூள் தூவிப் படுக்க வைத்தோம். இரண்டும் தாமாகவே ஆளுக்கொரு பாட்டிலில் நுழைந்தன. மெதுவாகத் தூக்கி விளக்கடியில் பிடித்துக் கீழிருந்து பார்த்தோம்.

செல்விக்கு வாலடியில் புடைப்பு! வீரனுக்கு வெள்ளை வயிற்றில் இருபுறமும் காம்புகள்!

முதலில் எங்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு. அம்மா ஓடிவந்தார்கள், ஆயா வந்தார்கள். "அட பாவிங்களா, மாப்பிள்ளைக்கா தாவணி கட்டி வெச்சீங்க!" என்று ஆயாவும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு யாரும் சற்று நேரம் பேசவில்லை. எங்களுக்கு வாழை மரத்தடி நினைவுக்கு வந்தது. ஆயாவுக்கும் வந்திருக்க வேண்டும். "அப்ப அதைக் கடிச்சது இவளா?" என்றார்கள். பிறகு என்ன தோன்றிற்றோ, "அவ வூடு, அவ காத்துக்கிட்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். ஆண் என்றால் அப்படித்தான் என்று சொன்ன அதே ஆயா!

எங்களுக்குள் இதைப் பற்றிப் பெரிய வழக்கு நடந்தது. பெண் என்று தெரிந்ததும் அதன் குற்றம் குறைந்துவிடுமா? ஆண் என்று நினைத்தபோது இரண்டு நாள் தீனி போட மறுத்தோமே, இப்போது ஏன் பரிந்து பேசுகிறோம்? இதற்கு எங்கள் மூவருக்கும் மூன்று விடைகள். இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பெயர்களை மட்டும் மாற்றினோம். வீரன் 'வீராயி' ஆயிற்று. செல்வி 'செல்வன்' ஆயிற்று. பெயர் மாறினாலும் குணம் மாறவில்லை. வீராயி முன்போலவே முதலில் தின்றது, காலைத் தட்டியது. செல்வன் முன்போலவே வைக்கோல் சுமந்தது.

இரண்டையும் உடனே பிரித்து வைத்திருக்க வேண்டும். தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியது. "ஆணும் பொண்ணும்னா இன்னும் கொஞ்ச நாளில் பெட்டி பத்தாதே" என்றார். நாங்கள் கேளாமல் பள்ளிக்கு வந்துவிட்டோம்.

ஆகஸ்டு 15. பள்ளியில் கொடியேற்றம், மரியன்னையின் விண்ணேற்பு விழாத் திருப்பலி இரண்டும் முடிந்து ஊர் போனோம். ஆடிக் கூட்டத்தில் ரேணுகாம்பாளைத் தரிசிக்க வந்தவர்களால் பஸ்ஸில் நிற்க இடமில்லை. வீட்டில் நுழைந்ததும் அம்மா வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க" என்றார்கள். நாலு நாளைக்கு முன்பு வீராயி குட்டி போட்டிருக்கிறாள். நான்கு குட்டிகள்! கண் திறவாமல், மயிர் இல்லாமல், ரோஜா நிறத்தில் விரல் நுனி அளவு. வெள்ளெலிக்குச் சினைக்காலம் நான்கு வாரத்தை ஒட்டியது. ஆகவே நாங்கள் ஜூலையில் தமிழ் இரண்டாம் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தபோதே எல்லாம் நடந்திருக்கிறது.

செல்வனைக் காணோம். "அவனை அண்டவே விடல. காதைக் கடிச்சுட்டா. அதான் வேற பானையில போட்டு வெச்சேன். புள்ள பெத்தவளுக்குத் தனி அறை வேண்டாமா? நான் உங்களைப் பெக்க எங்கம்மா வீட்டுக்குப் போகல?" என்றார்கள் அம்மா. மங்கோலியத் தந்தையைப்போல் குட்டிகளுக்குச் சூடு கொடுக்கும் என்று எதிர்பார்த்த எங்களுக்கு ஏமாற்றம்தான். சிஸ்டர் எச்சரித்தது சரியாயிற்று. ஆனால் வேறு பானையிலும் செல்வன் சும்மா இல்லை. அம்மா போட்ட பழைய பாவாடைத் துணியை முழுவதும் கிழித்து, யாரும் வராத ஒரு மெத்தையைக் கட்டி வைத்திருந்தது.

அப்பா கணக்குப் போட்டார். "ரெண்டு ஆறாச்சு. ஆறு எவ்வளவு ஆகும்?" ஆடிப்பட்டத்து மல்லாட்டை முளைத்து நின்றது. இதற்குமுன் வளையில் போன கடலைக்குப் பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. காலாண்டு விடுமுறைக்குள் முடிவு செய்வதாக வாக்குக் கொடுத்தோம். எங்கே விடுவது? எங்கள் கொல்லையில் கூடாது. பக்கத்துக் கொல்லையில் விடுவது திருட்டுக்குச் சமம். மலைமேல் விடலாம் என்றால், அங்கே சாமையும் தினையும் போடும் மலைவாழ் மக்கள் நம் எலிக்கு என்ன கடன்பட்டார்கள்? கடைசியில் வரப்பு வெட்டிய தாத்தாவிடமே கேட்டோம். நல்லவேளை, "குடுங்க, சமைச்சுடறேன்" என்று சொல்லவில்லை. செண்பகத்தோப்புப் பக்கம், உழவே முடியாத ஒரு கல்லாங்கரட்டைச் சொன்னார். "அங்க எங்களுக்கு வேலை இல்ல. ஆனா கூகை உண்டு, சாரை உண்டு. அது அதுங்க பாடு" என்றார்.

விடுவதற்கு முதல்நாள் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பாட்டிலில் விட்டுப் பார்த்தோம். ஆறு வாரக் குட்டிகள் தாயைப்போலவே வால் நுனியில் கறுப்புத் தூரிகை முளைத்து அழகாக இருந்தன. நான்கையும் அருகருகே வைத்து ஒப்பிட்டோம். மூன்று பெண், ஒன்று ஆண். எது துணிச்சல், எது பயம் என்று இளையவள் சொல்லத் தொடங்கியதும் அவள் வாயைப் பொத்தினோம். பெயர் எதற்கும் வைக்கவில்லை.

மாலையில் அப்பாவே டிரங்குப் பெட்டியை மிதிவண்டியில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். செல்வனின் பானையை நாங்கள் மாற்றி மாற்றிச் சுமந்தோம். வெயில் மலைக்குப் பின்னே இறங்கியதும் பெட்டியைச் சாய்த்தோம். வீராயி வெளியே வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள், மூக்கை ஆட்டினாள், தரையில் இரண்டு முறை தட்டினாள். அங்கே இரும்புத் தகடு இல்லாததால் ஓசையே எழவில்லை. பிறகு தாவிப் புதருக்குள் போய்விட்டாள். குட்டிகள் கணத்தில் மறைந்தன. எது எந்தப் பக்கம் போயிற்று என்று பார்க்க முடியவில்லை.

இருபது அடி தள்ளிச் செல்வனின் பானையைப் படுக்க வைத்தோம். அது வெளியே வரவில்லை. இருட்டிவிட்டது. "வாங்கம்மா, பானை இங்கயே கெடக்கட்டும்" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் வந்து டார்ச் அடித்துத் திரும்பிப் பார்த்தோம். பானையின் வாயில் செல்வன் உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் ஒரு காய்ந்த புல் இருந்தது.